மாசியில் உப்புவெளிக்கு வரும் விருந்தினருக்கு எந்தக் கள்ளு, எந்த நேரத்தில்?

உப்புவெளி விடுதிக்காரி:

கனடாவில் நயாகராப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி பெப்ரவரி நடுவில் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிற என் விடுதிக்கு வருகிறார்கள். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். குளிர்காலம் முடிகிற நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தந்த மண்ணின் வைனைச் சுவைத்துப் பார்ப்பதுதான் இவர்களுக்குப் பொழுதுபோக்காம். அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டார்கள்: உங்கள் பகுதியில் உருவாகிற வைன் எது, அதைச் செய்கிறவரை நேரில் பார்க்கலாமா?

கொழும்பிலிருந்து நல்ல வெளிநாட்டு வைன் நாலு போத்தல் எடுப்பித்து வைத்தால் கதை முடிந்தது என்கிறான் என் தம்பி. அதைக் குடிப்பதற்கு அவர்கள் இவ்வளவு தூரம் விமானத்தில் முதுகு நோக உட்கார்ந்து வர வேண்டுமா? அவர்கள் ஊர்க் கடையில் அதைவிட நல்லது இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் செபமாலைக் கன்னியர் மடத்தில் கறுவாவும் கராம்பும் மணக்க ஓர் இனிப்பு வைன் செய்கிறார்கள். அதில் ஒன்றிரண்டு வாங்கி வைக்கத்தான் போகிறேன். ஆனாலும் அது யாழ்ப்பாணத்துத் திராட்சை. எங்கள் ஊரில் நிற்பது பனையும் தென்னையும். ஆகவே கள்ளைத்தான் கொடுக்கப் போகிறேன், வெட்கப்படாமல் கொடுக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கோணேசர் இருக்கிற ஊரில் கள்ளுக்கு விளம்பரமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்ப மா புளிப்பதற்காகச் சின்ன வயதில் என்னைத் தூக்குவாளியோடு ஒழுங்கைக்குள் அனுப்பியவரும் இதே அம்மாதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெப்ரவரி நடுவில் மழை விட்டிருக்குமா? பனங்கள் அதற்குள் தொடங்கிவிடுமா, தென்னங்கள்ளோடு நிறுத்திக்கொள்வதா? என்ன ஒழுங்கில் பரிமாறுவது? போன வருடம் ஒரு கடையில் வாங்கிய கள்ளில் சீனியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். குடித்த விருந்தினர் மறுநாள் மத்தியானம் வரை தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்தச் சங்கடம் இன்னொரு முறை வேண்டாம்.

திருக்கடலூரான்:

அக்கா, நான் கடல்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. வானத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கள்ளு இறக்குகிற முட்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

நவம்பரிலும் டிசம்பரிலும் இங்கே மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்க்கும். ஜனவரியில் அது பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பெப்ரவரியில் சராசரி 100 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். ஆனால் சராசரியை நம்பி முற்றத்தில் கதிரை மேசை போட்டுவிடாதீர்கள். 2023 பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழமுக்கம் மட்டக்களப்புக்கும் எங்களுக்கும் இடையில்தான் கரையேறியது. வாடைக்காற்று போய்விட்டது என்று வள்ளத்தைத் தள்ளத் தயாராக நின்றவர்கள் எல்லாரும் மறுபடியும் இழுத்துக் கட்டினார்கள். விறாந்தையில் ஏற்பாடு செய்யுங்கள்.

வெயில் சுடாது. பகலில் 28 பாகை, இரவில் 24 பாகை. நயாகராக்காரருக்கு இது கோடைகாலம். எங்களுக்கோ காதை மூடிக்கொள்ள ஒரு துவாய் வேண்டும். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்களே, அது விடியப் புறத்தில் வெளியே வந்து நின்றால்தான் தெரியும்.

கடலில் இறங்கலாம் என்று மட்டும் சொல்லி அழைத்துவிடாதீர்கள். வாடை முழுதாக ஓயும்வரை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அலை இழுக்கும். புறாமலைத் தீவுக்குப் படகில் போவதெல்லாம் சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டிய கதை. படகில் ஏறியே தீர வேண்டும் என்றால் உள்துறைமுகப் பக்கம் கொண்டுபோங்கள், அங்கே எந்தப் பருவத்திலும் தண்ணீர் அடங்கி இருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் இதுதான் சரியான காலம். தென்மேற்குக் கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் சுடுதண்ணீரில் குளிக்க யார் போவார்கள்?

முன்னாள் எழுதுவினைஞர்:

மகள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் விடுதியில் மதுபானம் விற்க முடியாது, கள்ளும் அதில் சேர்த்திதான். விலைப்பட்டியலில் எழுதவும் வேண்டாம், கட்டணத்தில் சேர்க்கவும் வேண்டாம். அனுமதி பெற்ற கள்ளுத் தவறணைக்கோ, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் பதிவு செய்த சீவல் தொழிலாளியிடமோ அழைத்துப் போங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். பௌர்ணமிப் போயா தினத்தில் எல்லாம் மூடியிருக்கும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

சீவல்காரன் மகன்:

அக்கா, என் அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பனை சீவிக் கள்ளு இறக்கியவர். நான் இப்போது திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியில் என் இரண்டு பக்கமும் இருப்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

வைன் சுவைக்கப் போகிறவர்கள் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்பார்கள். கள்ளுக்கு ஆண்டு கிடையாது. எத்தனை மணிக்கு இறக்கியது, எந்த முட்டியில் இறக்கியது, இந்த இரண்டையும் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி இருக்கும், மதுசாரம் துளியும் இராது. சீனியை மதுசாரமாக்குகிற நொதியம் (ஈஸ்ட்) காற்றிலிருந்தும் பூச்சிகளின் காலிலிருந்தும் வந்து விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றைய முட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மண்டியிலிருந்து வருகிறது. ஆகவே முட்டி மரத்தில் தொங்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. நாம் கீழே நின்று வாங்குவது ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட சாமான்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதியம் தலையெடுக்காது. அதுதான் கருப்பநீர். பனங்கட்டி காய்ச்சுவது அதில்தான். முட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு போடாமல் கட்டினால் காலையில் இளங்கள் வரும்: இனிப்பு முன்னுக்கு நிற்கும், பின்னால் மெல்லிய புளிப்பும் நுரையும். கழுவாத பழைய முட்டியில் இறங்குவது அதே விடியலில் இறங்கினாலும் கடுமையாக இருக்கும். ஒரே பனையில் ஒன்றுக்கு மேற்பட்ட பாளைகளைச் சீவுவார்கள், பாளைக்கொரு முட்டி. ஆகவே சொல்லிவைத்தால் ஒரே மரத்தில் ஒரே இரவில் மூன்று விதம் இறக்கலாம். உங்கள் விருந்தினருக்கு இதைக் காட்டுங்கள். ஒரே மரம், ஒரே சாறு, முட்டி மட்டும் வேறு. திராட்சைக்காரர்களால் இதை ஒரே காலையில் செய்து காட்ட முடியாது.

இனிக் காலநிலை. திருக்கடலூர் நண்பர் சொன்ன அந்த 24 பாகை இரவு இருக்கிறதே, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். சூடு குறைந்தால் நொதியம் நிதானமாக வேலை செய்யும். மாசி விடியலில் இறக்குவதில் இனிப்பு இன்னும் மிஞ்சியிருக்கும். கச்சான் காலத்தில் இரவும் புழுங்கும். அப்போது காலையில் இறக்குவதே மத்தியானக் கள்ளின் குணத்தோடு வரும். எனக்குக் கேட்டால், சுவைத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு மாசி, வெறிக்கக் குடிக்க வருகிறவர்களுக்கு வைகாசி.

மழைக்கு மட்டும் பயப்படுங்கள். முதலாவது, நனைந்த பனையில் கால் நிற்காது. மழை பெய்த விடியலில் ஏறச் சொல்லி எந்தத் தொழிலாளியையும் வற்புறுத்தாதீர்கள், விருந்தினர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும். இரண்டாவது, முட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் கள்ளு சப்பென்று போய்விடும்.

பாளை தையில் வரத் தொடங்கும். எங்கள் பக்கத்தில் ஆண்பனை முந்தும், பெண்பனை பிந்தும். வந்த உடனே சீவவும் முடியாது. நாராலே இறுகக் கட்டி, தட்டி, நசுக்கி, நாளாந்தம் பதப்படுத்திய பிறகுதான் நுனியைச் சீவச் சீவச் சாறு கசியும். அதற்குப் பிறகு காலையும் மாலையும் தவறாமல் ஏற வேண்டும், ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவின் முதல் கவலை காய்ச்சல் அல்ல, பாளை.

பரிமாறும்போது சல்லடை தேடாதீர்கள். இறக்கிய முட்டியில் தேனீயும் எறும்பும் மிதக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்க ஒன்றுமில்லை. பனையிலேயே பன்னாடை இருக்கிறது. மட்டையின் அடியில் துணி நெய்தாற்போல இருக்குமே, அதை மடித்து முட்டி வாயில் பிடித்து ஊற்றினால் தெளிந்து இறங்கும். குடிப்பதற்குப் பிளா. குருத்தோலையை மடித்துக் கட்டுவதற்குச் சீவுகிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவருவதானால் போத்தலை முழுதாக மூடாதீர்கள். வாயு வந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் போத்தலை இறுக்கி அடைத்து வெயிலில் வாகனத்துக்குள் வைத்தால் வெடிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் மெதுவாகப் புளிக்கும், நிற்காது. மாலைக்குள் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து அளவுக்குப் போகலாம். அடுத்த நாள் வினாகிரியில் இருக்கிற அசற்றிக் அமிலம் தலைதூக்கும். அதன் பிறகு அது குசினிக்குரியது.

சீனி கலந்த கள்ளைக் கண்டுபிடிக்க ஆயிரம் வழி சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மரத்திலிருந்து இறங்கும்போது பக்கத்தில் நிற்பது.

மீன்பாடும் வாவி:

வடக்கத்தியார் பனையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது வழக்கம்தான். திருகோணமலை கிழக்கில் இருக்கிறது ஐயா. மட்டக்களப்பான் கேட்கிறேன், தென்னையை ஏன் ஒருவரும் பேசவில்லை?

அக்கா, பெப்ரவரிப் பனங்கள் இளசு. பருவம் முற்றுவதற்குள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று போய்விடுவார்கள். பங்குனி, சித்திரையில் வந்தால் பனை என்ன என்று தெரியும். இப்போது வருகிறவர்களுக்குத் தென்னங்கள்ளைக் கொடுங்கள். தென்னைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுவதும் பாளை வரும். பால் நிறத்தில், மெதுவாக, வயிற்றைக் கிளறாமல் இறங்கும். மேற்குக் கரையில் வாதுவை, களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி நடந்துபோய் இறக்குகிறார்களே, அதுவும் தென்னைதான், சாராயம் காய்ச்சுவதும் அதில்தான். பனங்கள்ளில் ஒரு கறட்டு மணம் உண்டு. பழகியவனுக்கு அமிர்தம், பழகாதவன் மூக்கைப் பிடிப்பான்.

பக்கத்தில் வைக்கச் சூடை மீன் பொரியல். வேறொன்றும் வேண்டாம்.

சீவல்காரன் மகன்:

இளசு என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். சுவைக்க வருகிறவருக்கு அதுதான் வேண்டும். முற்றிய கள்ளில் புளிப்பும் காரமும் முந்திக்கொள்ளும், அதற்குள் இனிப்பைத் தேட முடியாது. தென்னங்கள் மெதுவானது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு அவர்களிடமே கேளுங்கள் என்பேன். சூடைப் பொரியல் விடயத்தில் மட்டக்களப்போடு முழு உடன்பாடு.

உப்புவெளி விடுதிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. எழுதுவினைஞர் ஐயா சொன்னபடி விடுதியில் வைத்து விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நிலாவெளிக்கு அப்பால் பதிவோடு சீவுகிற ஒருவரை என் மீன்காரர் அறிமுகப்படுத்தினார். போய்ப் பேசினேன். மூன்று முட்டி யோசனையைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கருப்பநீர் குடிக்கப் பிள்ளைகள் வருவார்கள், கள்ளுக் குடிக்க ஆண்கள் வருவார்கள், இரண்டையும் ஒன்றாகக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் அம்மா என்றார். கட்டித் தருகிறேன், ஆனால் விடியுமுன் வந்து நிற்க வேண்டும் என்றார்.

நாள் குறிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சிவராத்திரியை அண்டிய நாட்களில் வைத்தால் அம்மா வீட்டை விட்டே போய்விடுவார். போயாவும் ஆகாது. மிஞ்சியதில் மழை இல்லாத விடியல் அமைய வேண்டும்.

கடிப்பதற்குப் பொரியலோடு பனங்கிழங்கும் அவிக்கப் போகிறேன். சந்தையில் இப்போது கட்டுக் கட்டாக வருகிறது. அவித்துக் காயவைத்த கிழங்கான புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் ஒரு தட்டில். கிழங்கும் பனை, ஓலையும் பனை, பானமும் பனை என்று ஒரு நேரச் சாப்பாட்டில் மரம் முழுவதையும் காட்டிவிடலாம் என்று ஆசை. வாவிக்காரர் கோபிக்க வேண்டாம், தென்னங்கள்ளும் ஒரு போத்தல் இருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி. நயாகராவில் இவர்கள் என்னதான் குடிக்கிறார்கள்? எங்கே தொடங்கினால் இவர்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்று தெரிந்தால் ஒழுங்கை அதற்கேற்ப வைக்கலாம்.

உவர்மலையிலிருந்து ஒன்ராறியோ:

நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது நயாகராவுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். இதை எழுதும்போது வெளியே பனிக்கட்டி வாருகிற வாகனம் போகிறது. 28 பாகைக்குத் துவாய் கேட்கிற திருக்கடலூர்த் தம்பிக்கு என் வணக்கம்.

இங்கே இந்தக் காலத்தில் எல்லோரும் பேசுவது ஐஸ்வைனைப் பற்றித்தான். இலையுதிர் காலத்தில் பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுவார்கள். வலை போட்டுப் பறவையிடமிருந்து காத்துக்கொண்டு குளிருக்காகக் காத்திருப்பார்கள். பூச்சியத்துக்குக் கீழே 8 பாகையாவது இறங்கினால்தான் பறிக்கலாம் என்பது இந்த மாகாணத்து விதி. பெரும்பாலும் இரவில்தான் பறிப்பு. உறைந்தபடியே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகப் பழத்திலேயே நின்றுவிடும், சீனி செறிந்த சாறு மட்டும் துளித்துளியாக இறங்கும். சாற்றில் சீனி குறைந்தது 35 பாகை பிறிக்ஸ், அதாவது நூற்றுக்கு 35 பங்கு அளவில், இருக்க வேண்டும். பனஞ்சாற்றைவிட இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் போத்தலும் சின்னது, விலையும் கையைச் சுடும். விடால் என்ற வெள்ளைத் திராட்சைதான் இதற்கு அதிகம். ஜனவரியில் இதற்கென்றே விழா எடுக்கிறார்கள். தெருவில் நெருப்பு மூட்டி, கையுறையோடு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே உங்கள் விருந்தினருக்கு இனிப்பு புதிதல்ல. கருப்பநீரில் தொடங்குங்கள். அதைத் தாண்டி இளங்கள்ளுக்கு வரும்போது இனிப்பு எங்கே குறைகிறது என்று தாங்களே பிடித்துவிடுவார்கள். கன்னியர் மடத்து வைனை முதலில் வைக்காதீர்கள், கறுவாவும் கராம்பும் நாக்கில் நின்றுவிட்டால் கள்ளின் மணம் ஏறாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. வைன் சுவைக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அதற்கென்று ஒரு பாத்திரம் வைப்பார்கள். முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உப்புவெளி விடுதிக்காரி:

வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

குறித்த நாளுக்கு முந்திய இரவு மழை தூறியதால் அன்று வேண்டாம் என்று மரம் சீவுகிற ஐயாவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். மறுநாள் விடியலில் போனோம். பனி இறங்கி வடலி ஓலையெல்லாம் நனைந்திருந்தது. நயாகராக்காரர் அரைக்காற்சட்டையோடு நின்றார், நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஐயா தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினார். பேச்சு இல்லை. மேலே கத்தி பாளையில் படுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்தப் பெண் கைக்கொப்பியில் மரத்தை வரைந்துகொண்டிருந்தார்.

மூன்று முட்டியும் இறங்கின. சுண்ணாம்பு முட்டிக்கு ஐயா கழுத்தில் ஒரு நார் கட்டி அடையாளம் வைத்திருந்தார். பழைய முட்டி வாயைத் தாண்டி நுரைத்தது, காதைக் கிட்டக் கொண்டுபோனால் சிறு பொரிவுச் சத்தம் கேட்டது. பன்னாடையில் வடித்தபோது தேனீக்கள் அதன் மேலே தங்கின. அந்தப் பெண் அதில் ஒன்றை ஓலைத்துண்டால் எடுத்துத் தரையில் விட்டார். அது கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு நடக்கத் தொடங்கியது. நல்ல வெறி போலிருக்கிறது.

கருப்பநீரை இருவரும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்கள். அடுத்தது இளங்கள். கணவர் வாயில் வைத்து, கண்ணை மூடி, சுழற்றி, திரும்பிப் பனையடியிலேயே துப்பிவிட்டார். உவர்மலை அண்ணா எழுதியிருந்ததை ஐயாவிடம் நான் முதல் நாளே சொல்லித்தான் வைத்திருந்தேன், பாத்திரமும் கொண்டுபோயிருந்தேன். இருந்தும் ஐயாவின் முகம் மாறிவிட்டது. துப்புவதென்றால் வேலிக்கு அங்கால் போய்த் துப்பச் சொல்லுங்கள் அம்மா, மரத்தடியில் கூடாது என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மரத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு துளியும் துப்பவில்லை. பழைய முட்டிக்கு வந்தபோது அதன் பலன் தெரிந்தது, திரும்பும் வழியெல்லாம் வாகனத்தில் பாட்டு.

அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது பழைய முட்டிதான், அதுவும் மத்தியானம் வரை நிழலில் வைத்த பிறகு. கறட்டு மணம் என்று வாவிக்காரர் சொன்னதை இவர் ஈரமண் மணம் என்று எழுதிக்கொண்டார். கணவர் இளங்கள்ளின் பக்கம். தென்னங்கள்ளை இருவரும் நல்லது என்றார்கள். நல்லது என்றால் நல்லது, அவ்வளவுதான். இரண்டாவது பிளா கேட்கவில்லை. மன்னிக்கவும், மட்டக்களப்பு.

ஐயா மேலதிகமாகப் பணம் வாங்க மறுத்தார், கள்ளுக்கு உரிய விலையை மட்டும் சொன்னார். ஒரு விடியல் முழுவதும் எங்களுக்காக நின்றதற்கு என்ன கணக்கு? நான் விலையின் மேலே வைத்துக் கொடுத்தேன், அவர் எண்ணிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். கடைசியில் அவருடைய மகளின் கையில் கொடுத்தேன். வெளியூர் விடுதிகளில் வைன் சுவைக்க ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் எழுதிப் போடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு வழக்கம் வந்தால் முதலில் அது மரம் ஏறுகிறவருக்குப் போய்ச் சேர வேண்டும், என்னைப் போல விடுதி வைத்திருக்கிறவர்களுக்கு அல்ல.

மீன்பாடும் வாவி:

இரண்டாவது பிளா கேட்கவில்லையா? எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் கூட்டி வாருங்கள். அங்கே கேட்காமல் போகட்டும் பார்க்கலாம்.

சீவல்காரன் மகன்:

மரத்தடியில் துப்பக்கூடாது என்று அப்பாவும் சொல்வார். ஏன் என்று கேட்டால் கோபம்தான் வரும், காரணம் வராது. மிச்சக் கள்ளை என்ன செய்தீர்கள்?

உப்புவெளி விடுதிக்காரி:

மண்சாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிக் குசினி மூலையில் வைத்திருக்கிறேன். பங்குனிக்குள் வினாகிரி ஆகிவிடும். ஊறுகாய்க்கு வேண்டுமென்றால் ஒரு வெறும் போத்தலோடு வாருங்கள், தம்பி.